அவரைப் பந்தலடியில் ஒரு முழம்

மழை விட்ட பிறகு எங்கள் வீட்டுப் பின்புறத் தோட்டத்தில் வளர்ந்திருந்த களையைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பார்த்தீனியம் என் மூக்கு வரை. உள்ளே ஒரு யானை நின்றிருந்தாலும் வால் கையில் அகப்பட்டால்தான் தெரியும். கோரை இருக்கிறதே, காலையில் பிடுங்கிப் போட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பி வந்து "என்ன சார், இன்னிக்கு என்ன குழம்பு?" என்று கேட்கும். போன வருஷம் வெண்டையும் கத்தரியும் காய்த்துத் தள்ளிய இடம். இப்போது அவரைப் பந்தலின் நாலு கல்தூண்களில் ஒன்றுதான் தலைகாட்டியது. மற்ற மூன்றையும் தேட போலீசுக்குத்தான் எழுதிப் போட வேண்டும்.

ஆம்பூரை ஒட்டிய எங்கள் ஊர்ப் பள்ளியில் ஓய்வு பெறும் வரை வரலாறு நடத்தினேன். வருஷா வருஷம் ராஜாக்களின் படையில் ஐந்நூறு யானை கூட்டித்தான் சொல்வேன். பிள்ளைகளின் கண் அகலமாக விரியும். அந்தக் கண்களை ஒருமுறை பார்த்துவிட்டவன் புத்தகத்தில் இருக்கிற எண்ணிக்கைக்குத் திரும்பிப் போவானா?

அதே கைவரிசையை வீட்டிலும் காட்டினேன். என் மனைவி பொன்மலர் களை எடுக்கச் சொல்லும்போதெல்லாம் தோட்டத்தில் ஒரு பாம்பை விட்டேன். முதலில் ஐந்தடிச் சாரை. அடுத்த வாரம் எட்டடி நாகம். போன ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்தவுடன் பத்தடி. அது படம் எடுத்து நின்று "ஜெபசீலன் சார்" என்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

"கூப்ட்டுச்சுல்ல? போய் இன்னான்னு கேளுங்க. கேட்டுட்டு வரும்போது அப்டியே நாலு செடிய புடுங்கினு வாங்க" என்றாள் பொன்மலர்.

இந்த ஏற்பாட்டைக் கெடுத்தது லியாகத் அலி. தெருக்கோடியில் வீடு. என் தோஸ்த். தோல் கம்பெனியில் அசார்ட்டராக இருந்தவர். அதாவது, பதப்படுத்திய தோலை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது கழிசல் என்று பிரிக்கிற வேலை. விரலால் ஒரு தடவு தடவினால் போதும், அந்த ஆடு எந்த வேலியில் உரசியது, அதை எந்த உண்ணி கடித்தது என்று சொல்லிவிடுவார். அந்த ஆட்டுக்கு வாய்த்த மாமியார் எப்படிப்பட்டவள் என்றுகூடச் சொல்வார் என்று நான் ஊரெல்லாம் பரப்பியிருந்தேன்.

அன்று சாயங்காலம் வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் ஈரச்சாக்கில் சுற்றிய கத்தரி நாற்று. இன்னொரு கையில் இரண்டு ஜோடி கையுறை.

"இலவம்பாடி முள்ளுக் கத்திரி வாத்தியாரே. இன்னிக்கு மண்ல வைக்கலன்னா நாளைக்கு வாடிப்பூடும். எழுந்திரு."

"பாய், உள்ளார பாம்பு இருக்குது."

"தெரியும். பத்தடி. தங்கச்சி சொல்லிச்சு. உன்ன பேரு சொல்லிக் கூப்ட்டுச்சாமே? என்னையும் பாய்னு கூப்புடுதான்னு பாக்கறேன், வா."

கையுறையை நீட்டினார். களை எடுக்கப் போடுகிற முரட்டுச் சாமான் இல்லை அது. குளிர் தேசத்தில் கார் ஓட்டுகிறவர்களுக்காகத் தைத்தது. ஒரு விரலில் சாயம் லேசாக மாறிவிட்டதென்று கம்பெனியில் கழித்துவிட்ட மெல்லிய ஆட்டுத்தோல்.

"போட்டுப் பாரு. கையில வெண்ணெய் தடவுன மாரி இருக்கும்."

அப்படித்தான் இருந்தது. லுங்கியை மடித்துக் கட்டிய இரண்டு கிழவர்கள், கையில் வெளிநாட்டுக் கையுறை, முன்னால் மூக்குயரக் காடு. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்த பொன்மலர் சிரித்த சிரிப்பில் மதிலில் இருந்த காக்கை எல்லாம் பறந்துவிட்டது.

வேலை மளமளவென்று நடந்தது. நான் கருக்கரிவாளால் பார்த்தீனியத்தை அறுத்தேன். பாய் பின்னால் வந்து வேரைப் பிடுங்கினார். மழை ஈரத்தில் வேர் சுலபமாக வந்தது. பழைய வேலியின் முள்கம்பி ஒன்று அறுந்து உள்ளே கிடந்தது. அதைச் சுருட்டி ஓரம் தள்ளினோம். இரண்டாவது தூண் தெரிந்தது. மூன்றாவதும் தெரிந்தது. நாலாவது தூணைச் சுற்றிக் கோரை அடர்த்தியாக மண்டியிருந்தது. பாய் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வலது கையை அடியில் விட்டு, கொத்தாகப் பிடித்தார்.

நான் இரண்டு கை தூரத்தில் நின்றிருந்தேன். சரியாக அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோரைக்குள் ஏதோ சொடுக்கியது. அவ்வளவுதான். விரியன் குக்கர் மாதிரிச் சீறும் என்பார்கள். இது சீறவில்லை. பழுப்பு உடம்பு, முதுகில் சங்கிலி கோத்த மாதிரி கறுத்த வட்டங்கள். தூணின் அடிக்கல்லுக்குக் கீழே வழுக்கிப் போய்விட்டது.

"ஸ்ஸ்" என்று பாய் கையை உதறினார். "இந்த முள்கம்பி சனியன் இங்கியும் கிடக்குது."

என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்துக் கத்தினேன்.

"பாய்! விரியன்! ஆறடி விரியன்!"

அங்கேதான் எல்லாம் கெட்டது. என் வாய்க்குப் பழகிய அளவு அது. பயத்தில்கூட அதற்குக் கீழே வாய்க்கு இறங்கத் தெரியவில்லை.

பாய் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு நிதானமாகக் கையுறையைக் கழற்றினார். ஆட்காட்டி விரலுக்குக் கீழே, புறங்கையில் ஒரு சொட்டு ரத்தம். அதை லுங்கியில் துடைத்துவிட்டு, கையுறையை மேற்கு வெயிலில் தூக்கிப் பிடித்தார். ஆயுசு முழுக்கத் தோலைப் பிடித்த அதே பிடி. விரலை உள்ளே விட்டு விரித்தார். தடவினார்.

"ஒத்த ஓட்டை. பாம்புன்னா ரெண்டு பல்லு இருக்கணும் வாத்தியாரே. இது வயர். ஓரம் கிழிஞ்சிருக்குது பாரு. இந்த மாரி ஆயிரம் தோலு கழிச்சிருக்கேன்."

"நான் கண்ணால பாத்தேன் பாய்!"

"நீ அந்த யானைப்படையையும் கண்ணாலதான் பாத்த."

பொன்மலர் ஓடி வந்தாள். "இன்னாங்க, இன்னா சத்தம்?"

"பாய பாம்பு கடிச்சிடுச்சு. ஆட்டோ கூப்புடு!"

"எத்தன அடி?" என்றாள் அவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"ஆறடி தங்கச்சி" என்றார் பாய். "ஞாயித்துக்கெழம பத்தடி. நாலடி எளச்சுப்போச்சு பாவம். சோறு கம்மியா போட்டீங்களா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் கண் பாயின் கையிலேயே இருந்தது. அந்த ஒரு சொட்டைத் துடைத்த இடத்தில் இன்னொரு சொட்டு வந்திருந்தது. அதைத் துடைத்தார். இன்னொன்று வந்தது.

"பொன்னு, சத்தியமா சொல்றேன்."

"போன வாரமும் சத்தியம்தான் பண்ணீங்க. கோயில்ல இருந்து வந்த கையோட."

"பாய், வாய்யா, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம். ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு இன்னாத்துக்குப் போறது? வயர் கிழிச்சதுன்னு அங்க போய் நின்னா சிரிப்பானுங்க. நாத்து வாடுது. நவுரு." மறுபடி கையுறையை மாட்டிக்கொண்டு அதே கோரைக் கொத்துக்குக் கையை நீட்டினார். கல்லுக்குக் கீழே அது இருந்தது. அவர் விரல் கல்லுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

நான் அவர் மேல் விழுந்தேன். இரண்டு பேரும் பார்த்தீனியத்தில் உருண்டோம்.

"பைத்தியமாய்யா உனக்கு!" பாய்க்கு இப்போது உண்மையாகவே கோபம். "வேலை செய்யாம இருக்கறதுக்கு ஆள தள்ளுவியா? அறுவது தாண்டின மனுஷன் பண்ற வேலையா இது?"

இந்த இடத்தில் எனக்குப் புரிந்தது. நான் எவ்வளவு கத்துகிறேனோ அவ்வளவு அது பொய்யாகிக்கொண்டிருந்தது. நான் அழுதால் நடிப்பு. சத்தியம் செய்தால் வழக்கம். பாயின் கண்ணிமை ஓரத்தில் வியர்வை முத்து முத்தாக நின்றது. வெயில் தாழ்ந்து காற்று வந்துகொண்டிருந்த நேரத்தில். இந்த மனுஷனை என்ன சொல்லிக் கிளப்புவது? இருபதடி என்று சொல்லவா? ஊரையே விழுங்க வந்தது என்று சொல்லவா?

எழுந்து உட்கார்ந்தேன். தொண்டையைக் கனைத்தேன். வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு கஷ்டமாக வந்த வார்த்தை வேறு கிடையாது.

"பாய். ஒரு முழம்."

"இன்னாது?"

"ஒரு முழம்தான். குட்டி. என் கட்டைவிரல் தடிமன்கூட இல்ல. படம் எடுக்கல, சீறல, ஒண்ணும் பண்ணல. கொத்திட்டு அந்தக் கல்லுக்கு அடியில பூந்துடுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. பொன்மலரின் கை இடுப்பிலிருந்து இறங்கியது.

பாய் என்னையே பார்த்தார். கழிசல் தோலா, நல்ல தோலா என்று பார்க்கிற பார்வை. "இன்னொரு தபா சொல்லு."

"ஒரு முழம்."

"உன்ன எனக்கு முப்பது வருஷமா தெரியும்" என்றார் மெதுவாக. "நீ எதையும் முழத்துல சொன்னதே இல்லியேய்யா." அப்படியே தரையில் உட்கார்ந்தார். "யா அல்லா. நெஜமாத்தான் கடிச்சிருக்குது."

அதற்குப் பிறகு பொன்மலர் எங்கள் இரண்டு பேரையும் ஆண்டாள். "அண்ணே, அசையாதீங்க. நடக்கக் கூடாது. கையுறைய உருவுங்க, மோதிரத்தக் கழட்டுங்க." பாயின் விரலில் நீலப் பிரோசாக் கல் மோதிரம். அவர் அப்பா போட்டிருந்தது. கை வீங்கத் தொடங்கியிருந்தது. மோதிரம் முட்டியில் நின்றுவிட்டது. பொன்மலர் சோப்பைக் குழைத்துத் தடவித் தடவித் திருகினாள். பாய் பல்லைக் கடித்தார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஆட்டோ இன்பராஜிடம் கத்தினேன். ஆம்புலன்சு வாணியம்பாடிப் பக்கம் போயிருக்கிறது, வர நேரமாகும் என்று முன்னமே சொல்லிவிட்டார்கள். மோதிரம் கழன்று கோரையில் விழுந்தது. யாரும் தேடவில்லை.

இன்பராஜ் வந்தவுடன் கயிற்றை எடுத்தான். "சார், மேல இறுக்கி ஒரு கட்டு கட்டிடலாம்."

"கட்டக் கூடாதுப்பா, கையே போயிடும்" என்று பொன்மலர் கயிற்றைப் பிடுங்கி எறிந்தாள். நைட்டிமேல் போட்டிருந்த துப்பட்டாவால் பாயின் கையை ஆடாமல் மார்போடு தொட்டில் கட்டினாள்.

ஆட்டோ கிளம்பியது. நடுவில் பாய், இரண்டு பக்கமும் நாங்கள். நான் சந்தர்ப்பம் பார்த்துக் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அது ஷூ கம்பெனிகளில் ஷிப்டு விடுகிற நேரம். கேட்டுக்கு கேட் கம்பெனி பஸ்கள் குறுக்கே நின்று பெண்களை ஏற்றிக்கொண்டிருந்தன. சாலை முழுக்க டிபன் கேரியரும் அடையாள அட்டையுமாக ஆயிரக்கணக்கில், இல்லை, எண்ணவில்லை, நிறையப் பெண்கள். இன்பராஜ் ஹாரனில் கட்டைவிரலை வைத்தவன் எடுக்கவே இல்லை.

"பாம்பு கடிச்ச ஆளு! வழி விடுங்கம்மா!"

ஒரு பெண் கையை விரித்துப் பஸ்ஸை நிறுத்தினாள். இன்னொருத்தி பைக்கில் வந்தவனை ஓரம் தள்ளினாள். கூட்டம் பிளந்தது. ஆனாலும் ஆட்டோ ஆமை வேகம்தான்.

பாய் என் தோளில் சாய்ந்தார். "வாத்தியாரே. வாயில உப்பு கரிக்குது."

பார்த்தேன். ஈறு ஓரத்தில் சிவப்பு. பொன்மலரும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் உதடு அசைந்தது, ஜெபம்.

"ஏதாச்சும் பேசுய்யா" என்றார் பாய். "சும்மா இருந்தா பயமா கீது. யானைப்படையச் சொல்லு."

"பத்தாயிரம் யானை பாய்."

"போன தபா எட்டாயிரம்தான."

"குட்டி போட்டுச்சு."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. நான் பத்தாயிரத்தை இருபதாயிரமாக்கினேன், முப்பதாயிரமாக்கினேன். ஆம்பூர் மேம்பாலத்துக்குக் கீழே போகும்போது உலகத்தில் உள்ள யானைகளெல்லாம் தீர்ந்துபோய் ஒட்டகத்துக்கு வந்திருந்தேன். என் கை மட்டும் அவர் முழங்கையை விடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் நந்தினி என்கிற நர்ஸ், என் பழைய மாணவி, பாயைப் படுக்க வைத்து ரத்தம் எடுத்தாள். ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆடாமல் மேசையில் நிறுத்தினாள்.

"இது உறையுதான்னு பாக்கணும் சார். உறைஞ்சா விஷம் ஏறலன்னு அர்த்தம். இருபது நிமிஷம். யாரும் தொடக் கூடாது." பிறகு சந்தேகமாக என்னைப் பார்த்தாள். "பாம்பு நீங்கதான் பாத்தீங்களா சார்?"

அந்தப் பெண் என் யானைகளைக் கேட்டு வளர்ந்தவள்.

"கண்ணாடி விரியன். ஒரு முழம்" என்றேன். அவள் முகம் மாறி, டாக்டரை அழைக்க நடக்காமல் ஓடினாள். இரண்டாவது முறையாக அந்தச் சொல் வேலை செய்தது.

அந்தக் குழாயை நான் பார்த்த மாதிரி எவனும் எதையும் பார்த்திருக்க மாட்டான். ஒரு விரல் உயரம் கருஞ்சிவப்பு. பாயும் படுத்தபடி அதையேதான் பார்த்தார். அது அவர் ரத்தம். அவருடைய வீடு, அவருடைய பிள்ளைகள், கத்தரி நாற்று எல்லாமே அந்த ஒரு விரலுக்குள் இருந்தது. உறைந்துவிடு, உறைந்துவிடு என்று அதைக் கெஞ்சினேன். வீட்டில் வைத்த பால் தயிராக இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டால் பொன்மலர் மாட்டையே மாற்றியிருப்பாள்.

நந்தினி வந்தாள். டாக்டரும் வந்தார். குழாயை எடுத்து மெல்லச் சாய்த்தாள்.

தண்ணீர் மாதிரி ஓடியது.

டாக்டர் "மருந்து ஏத்துங்க, சீக்கிரம்" என்றார். குப்பி குப்பியாகக் கொண்டுவந்தார்கள். பாய் என் பக்கம் கையை நீட்டினார், வீங்காத கையை. பிடித்துக்கொண்டேன். "வாத்தியாரே, அந்த நாத்து..." என்றார். அவ்வளவுதான், எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

வராந்தாவில் பொன்மலர் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. என் முழங்கையைத் திருப்பி, உருண்டதில் ஒட்டியிருந்த நெருஞ்சி முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

அடுத்த சோதனையிலும் ரத்தம் ஓடியது. மறுபடி மருந்து. அதற்கு அடுத்ததில்தான் நந்தினி கதவைத் திறந்து, குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். உள்ளே கருப்பாக ஒரு கட்டி, அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. தங்கப்பதக்கம் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தரும் அதை இவ்வளவு அழகாகத் தூக்கிக் காட்டியதில்லை. பொன்மலர் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. பாலாற்றில் ஒரு வெள்ளம் வருகிற அளவுக்குக் கண்ணில் தூசி விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

வார்டில் பாய் எழுந்து உட்கார்ந்த அன்று, பொன்மலர் அந்தக் கையுறையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆள் வைத்துத் தோட்டம் முழுக்கச் சுத்தம் செய்து, நாற்றில் பிழைத்ததை நட்டு, மோதிரத்தையும் கண்டுபிடித்திருந்தாள். பாய் மோதிரத்தை மடியில் வைத்துவிட்டுக் கையுறையைத்தான் முதலில் ஜன்னல் பக்கம் தூக்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"அடப் பாவி. ரெண்டாவது பல்லு தையல் மேல எறங்கியிருக்குதுய்யா. ஊசி ஓட்டையோட ஓட்டையா. அசார்ட்டர் எவனும் தையல பாக்க மாட்டான், தோலத்தான் பாப்பான்." கையுறையை மடியில் போட்டார். "வெளிய சொல்லாத."

அந்த நேரத்தில்தான் அவரோடு கம்பெனியில் வேலை பார்த்த நிசார் அஹமது சாத்துக்குடிப் பையோடு வந்து சேர்ந்தார். "இன்னா பாய், ஊரெல்லாம் இதே பேச்சு. எவ்ளோ பெரிய பாம்பு?"

பாய் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது.

"ஒரு முழம்" என்றேன் நான்.

"முழமா?" நிசார் அஹமதுவின் வாய்க்கோடியில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "முழப் பாம்புக்கா இவ்ளோ பேஜாரு?"

"கட்டைவிரல் தடிமன்கூட இல்ல" என்றேன். "சத்தியமா."

நிசார் அஹமது தண்ணீர் பிடிக்க வெளியே போன சமயம், பாய் நல்ல கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"யோவ். ஆயுசு முழுக்கப் பொய்யா அளந்த. எனக்குன்னு வந்தா மட்டும் முழக்கோலு எடுத்துனு வர்றியா? என் மானம் போவுதுய்யா. ஒரு நாலடியாவது போடு."

"அது நான் கண்ணால பாத்தது பாய். கூட்டிச் சொன்னா பாவம்."

"அடிக்கு ஒரு பிளேட் பிரியாணி. கத்திரிக்காயோட."

நான் யோசித்தேன். கதவுப் பக்கம் நிசார் அஹமதுவின் செருப்புச் சத்தம் நெருங்கியது.

"மட்டனா, சிக்கனா?"

"மட்டன்!"

பொன்மலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். நிசார் அஹமது உள்ளே வந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு கையையும் விரித்து, அது போதாமல் எழுந்து நின்றேன்.

"முதல்ல நான் பாத்தது வாலுதான் நிசார் பாய். வாலு மட்டும் ஒரு முழம்."